அமாவாசை மேட்னி

காஞ்சிபுரத்தில் அமாவாசையன்று தறிச் சத்தம் கேட்காது. மற்ற நாளில் பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் விடிவதற்கு முன்பே அது தொடங்கியிருக்கும். விளக்கு வைத்த பிறகும் சில வீடுகளில் ஓயாது. அமாவாசை மட்டும் நெசவுக்கு விடுமுறை. முன்னோருக்குப் படைத்து, காக்கைக்கு வைத்து, வாழைக்காய்க் கறியும் பூசணிக்காய்க் கூட்டுமாகச் சாப்பிட்டு எழும்போது மணி ஒன்றரை ஆகிவிடும். அப்புறம் தெருவே சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும். இரண்டரை மணி மேட்னிக்கு.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் உரியது. எங்களுக்குச் சினிமா அமாவாசைக்கு அமாவாசைதான். கொட்டகைக்காரர்கள் பஞ்சாங்கம் பார்த்துத்தான் படம் எடுக்கிறார்கள் என்று என் நைனா சொல்வார். அமாவாசையை ஒட்டி மூன்று நாளைக்குப் பழைய படம் ஒன்று வந்து இறங்கும். எம்.ஜி.ஆர். ஒரு மாதம், சிவாஜி ஒரு மாதம், ஆடி பிறந்தால் ஒரு சாமி படம். தட்டி கட்டிய வண்டி மேளத்தோடு சுற்றி வரும். பின்னாலேயே ஓடி ரோஸ் நிறத்திலும் மஞ்சளிலும் பிட் நோட்டீஸ் பொறுக்குவோம். 1970களின் கடைசி வருஷங்கள் அவை. பாபு, பாலசுப்ரமணியா, அருணா, கார்த்திகேயன் என்று கொட்டகைப் பெயர்களைச் சொன்னால் போதும், எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு மூன்று தலைமுறைக் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

எனக்கு அப்போது பத்து, பதினொரு வயது. தறியில் நைனாவுக்கு வலது பக்கம் என் இடம். கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா வேண்டும். இடது கரையையும் உடலையும் நெய்கிறவர் பார்த்துக்கொள்வார். வலது கரையின் நாடாவை வாங்கி எறிய இன்னொரு ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பையனாக இருப்பான். நான் பள்ளிக்கூடம் போகுமுன் இரண்டு மணி நேரம், வந்த பிறகு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். என் தெருவிலேயே முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு, வேறு வீட்டுத் தறியில் நாள் முழுக்க உட்கார்ந்த பையன்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் அப்போது பேசவில்லை. சட்டம், கணக்கெடுப்பு, மீட்பு என்றெல்லாம் பேச்சு வந்தது வெகுகாலம் கழித்துத்தான். அந்தப் பையன்களுக்கு மாதத்தில் தங்களுடையது என்று இருந்தது இந்த ஒரு பகல்தான். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து, அதன்மேல் உயரமாக உட்கார்ந்து, படம் தொடங்கும் முன்பே விசிலடித்துத் தொண்டை கட்டிக்கொள்வார்கள். 'நாடோடி மன்ன'னில் எம்.ஜி.ஆர். வாளை உருவும்போது அவர்கள் முகத்தை நான் திரும்பிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நான் பார்த்த படத்தில் பாதி அதுதான்.

பழைய படம் எங்களுக்கு வாய்த்ததற்குக் காரணம் எளிது. புதுப்படத்துக்கு வசூலில் பங்கு கேட்பார்கள். பழைய படப்பெட்டி குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். மெட்ராஸ் மீரான் சாகிப் தெருவில் விநியோகஸ்தர்களின் அலுவலகங்கள் வரிசையாக இருந்தன. அங்கிருந்து பெட்டி பஸ் மேலேறி வரும். ஆனால் வாடகை குறைவு என்பதற்காக மட்டும் ஜனங்கள் வந்துவிடுவார்களா? எங்கள் ஆயா 'திருவிளையாட'லை எத்தனை தடவை பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. "பார்த்த படத்தையே எதுக்கு ஆயா பாக்கற?" என்று கேட்டேன். "வருஷா வருஷம் வைகாசியில கருட சேவைக்குப் போறோமே, போன வருஷம் பார்த்த பெருமாள்தானேன்னு யாராவது வீட்டுல உட்காருறாங்களா?" என்றாள். சின்னக் காஞ்சிபுரத்தில் வரதர் கருடன்மேல் ஏறிப் புறப்படும் விடியற்காலையில் தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

என் தாய்மாமா கொட்டகையில் ஆபரேட்டர். அம்மா வழியில் எல்லோரும் தறிக்காரர்கள். அவருக்குச் சின்ன வயதிலேயே முழங்காலில் கோளாறு வந்து, குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு மிதிக்க முடியாமல் போனது. உதவியாளாகச் சேர்ந்து, பெட்டி தூக்கி, ரீல் சுற்றி, லைசென்சுக்குப் பரீட்சை எழுதி, ஊரில் இரண்டு மூன்று கொட்டகைகளில் மாறி மாறி வேலை பார்த்தார். அவரால் எனக்கு ஒரு பாக்கியம் கிடைத்தது. இடைவேளைக்குப் பிறகு மாடிப்படியேறி ஆபரேட்டர் ரூமுக்குள் போய்ச் சுவரோரம் நிற்கலாம். வாயைத் திறக்கக் கூடாது.

இரண்டு மெஷின்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு தகரக் கூண்டு. அதற்குள் செம்பு பூசிய இரண்டு கார்பன் குச்சிகள், ஒன்று தடி, ஒன்று மெலிசு, முனையோடு முனை பார்த்துக்கொண்டிருக்கும். மின்சாரம் கொடுத்துத் தொடவைத்து விலக்கினால் நடுவில் வெள்ளை நெருப்பு பற்றும். வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. கூண்டில் பதித்த கறுப்புக் கண்ணாடி வழியே மாமா பார்த்துக்கொண்டே இருப்பார். குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளி கூடும், திரையில் வெளிச்சம் பழுக்கும். குமிழைத் திருகி மறுபடியும் கிட்டே கொண்டுவர வேண்டும். கொஞ்சம் கவனம் பிசகினால் கீழே தரையிலிருந்து ஒரே குரலில் கூச்சல் வரும். செம்பு உருகிச் சொட்டும் வாசனை, சூடான எண்ணெய், புகைபோக்கி வழியே போகாமல் தங்கிய புகை, மாமாவின் பீடி. இன்றைக்கும் எங்காவது வெல்டிங் பட்டறையைத் தாண்டும்போது எனக்குச் சிவாஜியின் குரல் காதில் விழுகிறது.

ஒரு ரீல் 1000 அடி. ஓடி முடிய ஏறக்குறைய 11 நிமிஷம். மூன்று மணி நேரப் படம் என்றால் பதினாறு, பதினேழு ரீல். ஒரு மெஷினில் ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். அதைப் பார்த்ததும் அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழு விநாடி போல விட்டு இரண்டாவது புள்ளி. அந்தக் கணத்தில் ஒன்றை மூடி மற்றொன்றைத் திறந்தால், வசனம் அறுபடாமல் படம் அந்த மெஷினிலிருந்து இந்த மெஷினுக்குத் தாவிவிடும். கீழே ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்தாலும் யாருக்கும் தெரியாது. மாமா சொல்லிக்கொடுத்த பிறகு எனக்கு அந்தப் புள்ளி தெரியாமல் ஒரு படமும் போனதில்லை.

மெஷின் மாற்றும் அந்தத் தாவலை அவர் பிட்னி என்றுதான் சொல்வார். உடலும் முந்தியும் வேறு வேறு நிறமாக உள்ள புடவையில், உடலின் பாவு நூலும் முந்தியின் பாவு நூலும் ஒன்றை ஒன்று கோத்துச் சேரும் இடம் அது. ஆயிரக்கணக்கான இழைகள். நல்ல கைக்காரர் போட்ட பிட்னி, விரலால் தடவிப் பார்த்தால்தான் அகப்படும். "உங்கப்பன் துணியில போடறதை நான் வெளிச்சத்துல போடறேன், அவ்ளோதான் மாப்ள" என்பார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். தறியை விட்டுப் போனவன் என்று உறவில் யாரோ எப்போதோ சொன்னது அவருக்கு ஆறவே இல்லை.

ஆனால் ஒரு இடத்தில் தறியும் மெஷினும் ஒத்துப்போகவில்லை. தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போடலாம், நூல் குறையாது. ஃபிலிம் அறுந்தால் இரண்டு முனையையும் வெட்டி, மேல்பூச்சைச் சுரண்டி, சிமெண்ட் தடவி அழுத்தி ஒட்ட வேண்டும். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒன்றிரண்டு பிரேம் போய்விடும். ஒரு விநாடிக்கு 24 பிரேம் என்பதால் முதலில் ஒன்றும் தெரியாது. ஊர் ஊராக நூறு கொட்டகை சுற்றி வந்த பிரிண்டில் கதவு திறக்கும் முன்பே ஆள் உள்ளே நிற்பார். பாட்டின் பல்லவி நடுவில் தடுக்கும். திரையெங்கும் கோடு கோடாக மழை பெய்யும். பழைய படம் ஓடஓடக் குட்டையாகிக்கொண்டே வந்தது. எங்கள் ஊர் ஜனங்கள் எங்கே இழை விட்டிருக்கிறது என்று பார்த்தே பிழைப்பவர்கள். "அந்தச் சொல்லைக் காணோமே" என்று தரையிலிருந்து குரல் வரும். காணாமல் போன சொல்லை அவர்களே சொல்லி நிரப்பிவிடுவார்கள்.

நான் எட்டாவது படித்த வருஷம், ஐப்பசி அமாவாசை. அடைமழை. குழித்தறியெல்லாம் ஈரம் ஊறி, இரண்டு நாளாகவே வேலை இல்லை. 'கர்ணன்' போட்டிருந்தார்கள். பி.ஆர். பந்துலு எடுத்து 1964 பொங்கலுக்கு வந்த படம். அந்த நாளில் நம்ப முடியாத செலவில், குருட்சேத்திரத்துக்கே போய்ப் போர்க்களக் காட்சிகளை எடுத்தார்கள். என்.டி. ராமாராவ் கிருஷ்ணன், சிவாஜி கர்ணன். தேர்க்காலில் சாய்ந்து கிடக்கும் கர்ணனிடம் வேதியர் வேடத்தில் கிருஷ்ணன் வந்து, அவன் செய்த தர்மத்தின் பலன் முழுவதையும் தானம் கேட்கிற இடம். சரியாக அங்கே ஃபிலிம் அறுந்தது. திரை வெளுத்தது. விளக்கைப் போட்டார்கள்.

கூச்சல் எழும் என்று நான் காதைப் பொத்தப் போனேன். எழவில்லை. பெஞ்ச் வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்றார். தோளில் ஈரத் துண்டு. பக்கத்துக் கிராமத்துக்காரர், கூத்தில் வேஷம் கட்டியவர் என்று பிறகு சொன்னார்கள். அவர் கர்ண மோட்சத்துப் பாட்டை எடுத்தார். மைக் இல்லாமல் திறந்தவெளியில் விடிய விடியப் பாடிப் பழகிய குரல். சினிமாவில் கர்ணன் சொல்லவேண்டிய பதில் கூத்துப் பாட்டாக வந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ விம்மினார்கள். அவர் பாடி முடித்து, துண்டை உதறி, உட்கார்ந்த பிறகுதான் விளக்கு அணைந்து படம் ஓடியது.

மாடிக்குப் போனதும் மாமாவிடம் "ஒட்ட இவ்ளோ நேரமா?" என்றேன். "ஒட்டி முடிச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு. அவர் முடிக்கட்டும்னு வெச்சிருந்தேன்" என்றார். அதற்காக மறுநாள் அவருக்குத் திட்டு விழுந்தது, ஒரு நாள் கூலியும் போனது.

அந்தப் பெரியவர் பாடியதில் ஆச்சரியம் இல்லை என்று இப்போது எனக்குப் படுகிறது. காஞ்சிபுரத்தைச் சுற்றிய கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா வந்தால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். கடைசி நாள் படுகளம், தீமிதி. கர்ணன் சாகும் இரவுக்குக் குழந்தை குட்டியோடு பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து உட்காருவார்கள். கதை தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இருக்க மாட்டார். இந்த வருஷம் யார் கட்டுகிறார், எப்படிக் கட்டுகிறார் என்று பார்க்கத்தான் வருவார்கள். ஊருக்கு வெளியே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபால் பிள்ளைகளைச் சேர்த்துக் கட்டைக்கூத்து சொல்லிக்கொடுத்தது இந்த மரபின் தொடர்ச்சிதான். ஆக, ஒரே கதையை ஊரோடு உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்ப்பது என்பதை எங்களுக்குச் சினிமா கற்றுத்தரவில்லை. சினிமாதான் அந்தப் பழக்கத்தின்மேல் வந்து உட்கார்ந்தது.

ஊரும் சினிமாவுக்குக் கொஞ்சம் கொடுத்திருக்கிறது. அண்ணா எங்கள் ஊர்க்காரர், 1909இல் இங்கே பிறந்தவர். அவருடைய 'சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்' நாடகத்தில் மராட்டிய மன்னனாக நடித்த பிறகுதான் வி.சி. கணேசன், பெரியார் வாயால் சிவாஜி கணேசன் ஆனார். அண்ணாவின் 'வேலைக்காரி' 1949இல் படமாக வந்து, வசனத்துக்காகவே ஜனங்கள் சினிமாவுக்குப் போகும் காலத்தைத் தொடங்கிவைத்தது. அமாவாசை மேட்னியில் 'வேலைக்காரி' ஒருமுறை வந்தபோது நைனா என் தோளில் கைபோட்டு அழைத்துப்போனார். படம் எனக்குச் சரியாகப் புரியவில்லை. கே.ஆர். ராமசாமி பேசப்பேச நைனாவின் உதடும் கூடவே அசைந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'பாலும் பழமும்' 1961இல் வந்தது. பீம்சிங் படம். சிவாஜியோடு சரோஜாதேவி. அந்தப் படத்தின் பெயரில் ஒரு கட்டம் பட்டில் வந்தது. பாலும் பழமும் கட்டம் என்றால் இன்றைக்கும் காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளில் எடுத்து விரித்துக் காட்டுவார்கள். ஆனால் படம் கறுப்பு வெள்ளை. அந்தக் கட்டத்துக்கு என்ன நிறம் என்று கொட்டகையில் பார்த்த யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாயத்தைத் தேர்ந்தெடுத்துப் பாவு போட்டது நெசவாளிதான். மாங்காய், ருத்ராட்சம், மயில்கண், தாழம்பூ ரேக்கு என்று கோயில் கல்லிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் எடுத்து நெய்தவர்கள் கொட்டகைத் திரையிலிருந்தும் எடுத்தார்கள். அம்மாவிடம் அந்தக் கட்டத்தில் ஒரு புடவை இருந்தது. நெசவாளர் சங்கத்துக்குப் போட்டதில் ஏதோ குறை என்று திரும்பி வந்தது. அந்தக் குறைக்கு நான் எறிந்த நாடாதான் காரணம். அம்மா அதைத்தான் எல்லாக் கல்யாணத்துக்கும் கட்டினாள்.

பட்டுக்கும் ஃபிலிமுக்கும் நான் அப்போது அறியாத ஒரு சொந்தம் இருந்தது. எங்கள் தெருவில் மாதம் ஒருமுறை ஒருவர் வருவார். பழைய பட்டுப்புடவை, சரிகை வாங்குவதாகக் குரல் கொடுத்துக்கொண்டே போவார். அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, மேலே தங்க முலாம் பூசியது. கிழிந்த புடவையை எரித்தால் பட்டு சாம்பலாகும், வெள்ளி தங்கும். ஆயாவின் கல்யாணக் கூறைப் புடவை அப்படித்தான் போனது, அக்காவின் பிரசவச் செலவுக்கு. ஆயா திண்ணையில் உட்கார்ந்து, தராசு நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபது வருஷத்துக்கு முன் நெய்த கோபுரக் கரை அது. அதேபோல் நெய்வதற்கு வீட்டில் மாதிரிகூட வைத்துக்கொள்ளவில்லை.

கறுப்பு வெள்ளைப் படத்தின் ஃபிலிமில் உருவமாக நிற்பதும் வெள்ளிதான். இதை மாமா எனக்கு வெகுநாள் கழித்துச் சொன்னார். தொலைக்காட்சி வந்துவிட்ட பிறகு. மெட்ராஸ் தூர்தர்ஷன் 1975இல் தொடங்கியது. எங்கள் தெருவுக்குப் பெட்டி வந்து சேரச் சில வருஷம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பழைய படம் சும்மா கிடைத்தது. வாசலிலிருந்து ஜன்னல்வரை கூட்டம். அமாவாசை மேட்னி கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தபோது ஊரில் மறுபடியும் அவர் படங்கள் ஓடின. கற்பூரம் ஏற்றிப் பார்த்தார்கள். பிறகு தனியார் சேனல்கள். பழைய படப்பெட்டியைக் கேட்க ஆளில்லை. அலுவலக மூலைகளில் பெட்டிகள் அடுக்கடுக்காகக் கிடந்தன, வாடகை கட்ட முடியாத இடத்தில் எடைக்குப் போயின. ஃபிலிமைக் கழுவினால் வெள்ளி, மிஞ்சிய பிளாஸ்டிக்கில் வளையல், பை. "நான் ஒட்டி ஒட்டி ஓட்டின படத்தை எவனோ வாளியில ஊறப்போட்டான்டா" என்றார் மாமா. அவர் அழுது நான் பார்த்தது இரண்டு தடவை. அதில் இது ஒன்று.

நாட்டளவில் நடந்ததும் அதுவே. தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31 அன்று வந்தது, டி.பி. ராஜலட்சுமி நடித்தது. அதன் பெட்டி மெட்ராஸ் வந்தபோது தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. அதற்கு முன் இங்கே எடுத்த ஊமைப்படங்களில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. 1964இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்த பிறகு பி.கே. நாயர் என்ற ஒரு மனிதர் கிடங்கு கிடங்காக, காயலான் கடை கடையாகத் தேடிப்போய் எடுத்துவைத்ததில்தான் பலவும் பிழைத்தன. கற்பூரம் காட்டி வரவேற்றதை எடைக்குப் போட நமக்கு ஐம்பது வருஷம்கூட ஆகவில்லை. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

2012 மார்ச் 16. 'கர்ணன்' டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு மறுபடியும் வந்தது. திவ்யா ஃபிலிம்ஸ் சொக்கலிங்கம் பழைய பிரதியை எடுத்துத் துடைத்து, ஒலியைச் சீராக்கி, அகலத்திரைக்குக் கொண்டுவந்திருந்தார். நாற்பத்தெட்டு வருஷத்துப் படத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்டவர்கள் வாயடைத்துப்போனார்கள். சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. அதன் தைரியத்தில் 2014இல் அதே பந்துலுவின் 'ஆயிரத்தில் ஒருவன்' வந்து வெள்ளிவிழா கண்டது. 'பாசமலர்', 'வசந்த மாளிகை', 'வீரபாண்டிய கட்டபொம்மன்' என்று வரிசை கட்டின.

மாமாவுக்கு அப்போது எழுபத்தைந்து தாண்டியிருந்தது. முழங்கால் முற்றிலும் போய்விட்டது. காரில் உட்காரவைத்துச் சத்யம் தியேட்டருக்கு அழைத்துப்போனேன். லிஃப்ட், குளிர்சாதனம், சோள வாசனை. எதையும் அவர் சட்டை செய்யவில்லை. படம் ஓடத் தொடங்கியதும் திரையின் வலது மேல் மூலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் ஆனது, பன்னிரண்டு ஆனது. திரும்பிப் பின்சுவரின் சின்ன ஜன்னலைப் பார்த்தார். வெளிச்சம் ஆடாமல் வந்துகொண்டிருந்தது.

"புள்ளியே வரலடா."

"ரீல் இல்ல மாமா. கம்ப்யூட்டர்லேருந்து ஓடுது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. துரியோதனனின் அந்தப்புரக் காட்சி வந்தது, சொக்கட்டான் ஆட்டம், முத்துமாலை அறுந்து சிதறுவது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த இடத்துல ஒரு ஒட்டு இருந்தது. நான் போட்டது. அவ எழுந்திருக்கறது விட்டுப்போயி சட்டுனு நின்னுகிட்டிருப்பா. இப்ப பாரு, முழுசா எழுந்திருக்கறா" என்றார். அதற்கப்புறம் படம் முழுக்க அப்படித்தான். ஒவ்வொரு ஒட்டாகச் சொன்னார். மழைக்கால ஈரத்தில் அறுந்தது, பல்சக்கரம் கடித்தது, முந்தின ஊர்க்காரன் குண்டூசி குத்தி அனுப்பியது. முன்வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். மாமா சொல்வதைக் கேட்டபிறகு முன்னால் திரும்பி, காதை மட்டும் எங்கள் பக்கம் வைத்துக்கொண்டார். "நான் வெட்டிப்போட்டதெல்லாம் வந்துடுச்சுடா மாப்ள" என்று மாமா சொன்னபோது அவர் அழுததை நான் இரண்டாம் தடவை பார்த்தேன்.

கிருஷ்ணன் தானம் கேட்கும் இடம் வந்தது. படம் அறுந்துபோகவில்லை. நான் அந்தப் பெரியவரின் குரலை எதிர்பார்த்து, வராததால் வெறுமையாக உட்கார்ந்திருந்தேன். படம் முழுசாகத் திரும்பி வந்தது. அதைச் சுற்றி உட்கார்ந்த ஊர் வரவில்லை. துடைத்துச் சீராக்குகிற எந்த இயந்திரத்தாலும் அது முடியாது. அது கொட்டகைக்காரரும் ஜனங்களும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை.

செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மதுரை சென்ட்ரல் சினிமாவிலும் ஓட்டேரி மகாலட்சுமியிலும் எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களைப் போட்டு, அதற்கென்றே வரும் ஒரு கூட்டத்தை வருஷக்கணக்கில் காப்பாற்றிவந்தார்கள். 2024 ஏப்ரலில் 'கில்லி' மறுபடியும் வந்தபோது, இருபது வருஷத்துக்கு முன் குழந்தையாக இருந்தவர்கள் எழுந்து நின்று வசனத்தைக் கூடவே சொன்னார்கள். அந்தக் கொண்டாட்டத்தைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் நைனாவின் உதடு அசைந்ததும் இதே காரணத்தால்தான்.

மாமா இல்லை. அவர் கடைசியாக வேலை பார்த்த கொட்டகையும் இல்லை. பிள்ளையார்பாளையத்தில் தறிகள் குறைந்துவிட்டன. என் பிள்ளைகள் யாரும் நாடா பிடிக்கவில்லை, அதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் ஊரில் இன்னும் தறி ஓடுகிற வீடுகள் இருக்கின்றன, அங்கே இன்னும் அமாவாசைக்குத் தறி நிற்கிறது. கொட்டகைகளும் இருக்கின்றன. டிஜிட்டல் வந்த பிறகு பெட்டி தூக்க வேண்டியதில்லை, கார்பன் வாங்க வேண்டியதில்லை, ஒட்டுப் போட ஆபரேட்டரும் வேண்டியதில்லை. வார நாளில் பகல் காட்சிக்குப் பத்துப் பேர் வந்தால் அதிகம் என்று அவர்களே சொல்கிறார்கள். காஞ்சிபுரம் தியேட்டர்காரர்களிடம் நான் கேட்பது மாதத்துக்கு ஒரு காட்சி. அமாவாசையன்று இரண்டரை மணிக்கு ஒரு பழைய படம், நெசவாளி குடும்பம் கொடுக்கக்கூடிய கட்டணத்தில். முதல் மாதம் 'பாலும் பழமும்' போடுங்கள். அந்தக் கட்டத்தை இன்னும் நெய்கிறவர்கள் அதைத் திரையில் பார்த்ததே இல்லை.

வாசகர்களிடமும் ஒன்று. உங்கள் வீட்டுப் பரணிலோ, மூடிய கொட்டகையின் மூலையிலோ வட்டத் தகர டப்பாக்கள் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். திறந்ததும் காடி வாசனை அடித்தால் ஃபிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். சுற்றிப் பார்க்க வேண்டாம், வெயிலில் வைக்க வேண்டாம், தாமதிக்கவும் வேண்டாம். புனே ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.